அடி கருகுதா, ஓரம் ஓடுதா? தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் தொடங்கி கிறிஸ்துமஸ் முடியும்வரை என் கைபேசிக்கு பிஸ்கட் படங்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் துக்கப் படங்கள். அடி கருகியது, நடு வேகாதது, பத்து பிஸ்கட்டும் ஒன்றாகி ஆற்று நடுத் திட்டு மாதிரி பரந்து கிடப்பது. அனுப்புகிறவர்கள் மயிலாடுதுறை, மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று சுற்றுவட்டாரத்துச் சொந்தங்களும் தோழிகளும். கேள்வி எப்போதும் மாவைப் பற்றியே வரும். மைதா பழசா? வெண்ணெய் கூடிப்போச்சா? சோடா மாவு குறைஞ்சுபோச்சா? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தட்டைக் கவிழ்த்து, அடியைப் படமெடுத்து அனுப்பு."

மாவு கெடுக்கும் நாளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கும்பகோணத்தில் பன்னிரண்டு வருஷமாக வீட்டில் பிஸ்கட் சுட்டதில், நான் மாவைத் திட்டிய நாட்களில் பெரும்பாலும் குற்றவாளி தட்டுதான். உங்கள் பிஸ்கட்டுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். கையில் இருக்கிற தட்டை வைத்து இன்றைக்குச் சமாளிக்கும் வழியும், அடுத்த தட்டு வாங்கும்போது பார்க்கவேண்டியதும் அங்கேயே இருக்கின்றன. அதற்கு முன் ஒரே ஒரு சோதனை.

அடுப்பா, தட்டா?

ஓடிஜியை, அதாவது மேலும் கீழும் சூட்டுக்கம்பி உள்ள மேசைமேல் மின்சார அடுப்பை, 180 டிகிரியில் 15 நிமிடம் காயவிடுங்கள். தட்டே இல்லாமல், கம்பி வலைமேல் பிரெட் துண்டுகளை நெருக்கமாகப் பரப்பி உள்ளே வையுங்கள். எட்டு முதல் பத்து நிமிடத்தில் எடுத்து, வைத்த வரிசை மாறாமல் மேசையில் அடுக்கிப் பாருங்கள். எந்த மூலை அதிகம் சிவந்திருக்கிறதோ அதுதான் உங்கள் அடுப்பின் சூட்டு மூலை. எங்கள் அடுப்பில் அது பின்பக்கம், வலது ஓரம். அடுத்து அதையே தட்டின்மேல் வைத்துச் செய்யுங்கள். வலையில் ஓரளவு சமமாகச் சிவந்த பிரெட், தட்டில் வைத்ததும் திட்டுத்திட்டாகச் சிவந்தால் கோளாறு தட்டில். இரண்டு முறையும் அதே மூலைதான் கருகுகிறதென்றால் தட்டை மாற்றிப் பயனில்லை. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பிவைக்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் விளக்கு மங்குகிற தெருவா உங்களுடையது? வோல்டேஜ் இறங்கினால் கம்பியின் சூடும் அதே அளவுக்குத்தான் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள், அதைவிட வேகமாகக் குறையும். 230 வோல்ட்டில் 1600 வாட் தருகிற ஓடிஜி, 200 வோல்ட்டில் ஏறக்குறைய 1200 வாட்தான் தரும். 180-க்கு இறங்கினால் 1000-க்கும் கீழே. 'பத்து நிமிடம் முன்சூடு' என்று குறிப்பில் இருப்பதை நம்பி அப்போது மாவை உள்ளே தள்ளினால், கம்பி இன்னும் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருக்கும், உள்காற்று சூடாகியிருக்காது. அடி கருகும், மேலே பச்சையாக இருக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல், ஓடிஜியின் முகப்பில் உள்ள சூட்டு விளக்கு அணைவதைப் பாருங்கள். முதல் முறை அணைந்தும் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

அடி கருகுகிறது, மேலே வெள்ளையாகவே இருக்கிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். ஓடிஜியில் தட்டின் அடிக்குப் போகும் சூட்டில் பெரும்பங்கு கீழ்க்கம்பியிலிருந்து கதிராக நேரே வந்து விழுவது. கறுப்பு நிறம் அந்தக் கதிரை உறிஞ்சும், பளபளக்கும் வெளிர் உலோகம் பெரும்பகுதியைத் திருப்பி விரட்டும். சித்திரை வெயிலில் கறுப்புக் குடை பிடித்தவருக்குத் தெரிந்த விஷயம்தான். தட்டு கறுப்பு நான்-ஸ்டிக் என்றாலோ, ஓடிஜியோடு வந்த கறுப்பு எனாமல் தட்டு என்றாலோ அடி முந்திக்கொள்ளும்.

தட்டைக் கவிழ்க்கச் சொல்வது இதற்காகத்தான். மேல்பக்கம் வெள்ளி மாதிரி பளபளக்கும் அலுமினியத் தட்டுக்கும் அடிப்பக்கம் எண்ணெய் வழிந்து, காய்ந்து, காப்பிக்கொட்டை நிறமாகியிருக்கலாம். கம்பி பார்ப்பது அந்த அடியைத்தான். மேலே மட்டும் துலக்கிவைப்பது முகம் கழுவிவிட்டுக் காலைக் கழுவாமல் விடுவது போல.

இன்றைக்குச் சமாளிக்க: ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே வையுங்கள். நடுவில் மாட்டிக்கொள்ளும் மெல்லிய காற்று சூட்டைத் தடுக்கும். வலையை ஒரு படி மேலே ஏற்றுங்கள். கறுப்புத் தட்டு மட்டும்தான் இருக்கிறதென்றால் குறிப்பில் உள்ள சூட்டை 10 முதல் 15 டிகிரி குறைத்து, முடிய வேண்டிய நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்னதாகவே ஒரு பிஸ்கட்டைத் தூக்கி அடியைப் பாருங்கள்.

வாங்கும்போது: பிஸ்கட்டுக்கு வெளிர் நிற, பூச்சில்லாத அலுமினியம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கறுப்புத் தட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பன், பிரெட், பீட்சா இவற்றுக்கெல்லாம் அடி முறுகுவதே வேண்டியது. பேக்கரிகளில் எண்ணெய் குடித்துக் கறுத்த இரும்புத் தட்டுகளை அடுக்கிவைத்திருப்பார்களே, அதைப் பார்த்து நானும் ஒன்று வாங்கினேன். அவர்கள் சுடுவது செங்கல் கூண்டு அடுப்பில், சூடு எல்லாப் பக்கமும் சமமாக அணைத்துக்கொள்ளும். என் தட்டுக்கு நான்கு விரல் கீழே கம்பி தகதகத்துக்கொண்டிருந்தது. முதல் சுற்றில் சுட்ட தேங்காய் பிஸ்கட் முழுக்கத் தெருநாய்க்குப் போனது. அதுவும் யோசித்துத்தான் தின்றது.

மேலே சிவந்துவிட்டது, அடி வெளுத்துப் பிசுபிசுக்கிறது

இது முந்தையதற்கு நேர்மாறு. தட்டின்மேல் என்ன விரித்தீர்கள் என்று பாருங்கள். தடிமனான சிலிக்கான் விரிப்பு அடிச்சூட்டைக் குறைக்கும், மாவை வழுக்கியும் விடும், அதனால் பிஸ்கட் பரந்து அடி வெளுக்கும். விரிப்பை எடுத்துவிட்டு பேக்கிங் காகிதம் போட்டால் அன்றைக்கே தீர்ந்துவிடும். இரண்டு தகட்டுக்கு நடுவே காற்று வைத்து அடைத்த 'இன்சுலேட்டட்' தட்டு யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தால் அதுவும் இதையே செய்யும். மெத்தென்ற பிஸ்கட் பிடித்தவர்களுக்கு அது நல்ல தட்டு. டீயில் முக்கினால் உடையாமல், கடித்தால் நொறுங்குகிற பிஸ்கட்டுக்கு வேலைக்கு ஆகாது.

கேக் செய்யும் டின்னில் பிஸ்கட் வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு அங்குலச் சுவர் பக்கவாட்டுச் சூட்டை மறைத்துவிடும், ஓர வரிசை வெளுத்தே நிற்கும். டின்னைக் கவிழ்த்து அதன் முதுகில் வைத்துச் சுடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவசரத்துக்கு அதைவிட நல்ல பிஸ்கட் தட்டு வீட்டில் இருக்காது.

மேல்சூட்டை யாரும் ஓடிஜி வந்த பிறகு கண்டுபிடிக்கவில்லை. நாகூர், காரைக்கால் பக்கத்து வீடுகளில் தம்ரூட் என்ற ரவை இனிப்புக்கு மூடியின்மேல் தணலைப் பரப்பிச் சிவக்கவைத்த கைகளுக்கு, எங்கே எவ்வளவு கங்கு என்ற கணக்கு மனப்பாடம். நமக்கு ஒரு திருகு இருக்கிறது, அவ்வளவுதான். முன்சூட்டுக்கு இரண்டு கம்பியும், பிஸ்கட் உள்ளே போனதும் இரண்டும் தொடரட்டும். கீழ்க்கம்பி மட்டும் வைத்துச் சுடுவது கேக்குக்குச் சரி, பிஸ்கட்டுக்கு இல்லை.

ஒரே தட்டில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை

பிரெட் சோதனையில் அடுப்பு தப்பித்துவிட்டதா? அப்படியானால் தட்டு எவர்சில்வராக இருக்கும். நம் ஊரில் எவர்சில்வர் தாம்பாளம் இல்லாத வீடு ஏது, வட்டமாக, கனமாக, சீர்வரிசையில் வந்தது ஒன்று பரணில் கிடக்கும். அதைத்தான் முதலில் எல்லோரும் உள்ளே தள்ளுவார்கள், நானும் தள்ளினேன். எவர்சில்வர் துருப்பிடிக்காது, புளியோடு சண்டை போடாது, ஆனால் சூட்டைப் பக்கவாட்டில் கடத்துவதில் படு சோம்பேறி. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். சாதாரண இரும்பு இரண்டுக்கும் நடுவே. எவர்சில்வர் தட்டில் கம்பிக்கு நேர்மேலே உள்ள பட்டை கொதிக்கும், நான்கு விரல் தள்ளி இருக்கும் இடத்துக்கு அந்தச் செய்தியே போயிருக்காது. சாம்பார் பாத்திரத்துக்கு அடியில் செம்பு பூசுவதும் அலுமினியத் தகடு சேர்த்து அழுத்துவதும் இந்தச் சோம்பலைச் சரிக்கட்டத்தான்.

எவர்சில்வர்தான் இருக்கிறது என்றால் கம்பிக்கு நேர்மேலே மாவு வைக்காமல், இடைவெளிகளில் வரிசை பிடித்து வையுங்கள். பாதி நேரத்தில் முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்புங்கள். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது, தாம்பாளத்தைத் தாம்பூலத்துக்கே விட்டுவிடலாம்.

அதே கூடையில் ஒரு எச்சரிக்கை. கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரத்தின் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் ஈயம் பூசிய பித்தளைத் தட்டை ஓடிஜிக்குள் வைக்காதீர்கள். பூசியிருக்கும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். பிஸ்கட்டுக்கு 170 தானே என்று தோன்றும். திருகு காட்டுவது உள்காற்றின் சூட்டை, கம்பிக்கு அருகில் இருக்கும் வெற்றுத் தகடு அதைத் தாண்டிப் போகக்கூடும். பாட்டி வீட்டுத் தட்டின் பூச்சு சொட்டுச் சொட்டாக உருண்டு நிற்பதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

பரந்து ஓடி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது

அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர்ச் சமையலறையில் பிஸ்கட் செய்பவர்களுக்கு இது நிச்சயம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாத மத்தியானத்தில் ஜன்னலோரத் தட்டே அந்தச் சூட்டில்தான் இருக்கும். அடுப்புக்குப் போகும் முன்பே வெண்ணெய் அடியில் கசிய ஆரம்பித்திருக்கும்.

பெரிய தவறு இரண்டாவது சுற்றில் நடக்கிறது. ஒரே தட்டுதான், முதல் சுற்றை எடுத்த கையோடு அடுத்த மாவைச் சூட்டுத் தட்டில் வைத்துவிடுவது. ஓரம் அமைந்து நிற்பதற்குள் வெண்ணெய் ஓடிவிடும், முதல் சுற்று வட்டம், இரண்டாவது சுற்று இலங்கை வரைபடம். இதற்காகத்தான் ஒரு பெரிய தட்டைவிட இரண்டு சிறிய தட்டு வாங்கச் சொல்கிறேன். ஒன்று உள்ளே இருக்கும்போது இன்னொன்று மாவோடு குளிர்பெட்டியில் இருக்கட்டும். குளிர்பெட்டித் தட்டில் நுழையும் அளவு முக்கியம், அதையும் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அடுத்தது தட்டுக்கு எண்ணெய் தடவுவது. தோசைக்கல் பழக்கம், கை சும்மா இருக்காது. வெண்ணெய் நிறைந்த மாவுக்குத் தட்டில் எண்ணெய் தேவையே இல்லை. அது வழுக்குப்பாறையாகி பிஸ்கட்டை இன்னும் பரப்பும். பிஸ்கட் இல்லாத இடங்களில் படிந்த எண்ணெய் கருகிப் பிசினாகி ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். பூச்சில்லாத தட்டில் காகிதம் மட்டும் போதும்.

இவ்வளவு செய்தும் ஓடினால் சரி, அப்போது மாவைப் பாருங்கள். உருக்கிய நெய்யில் செய்தீர்களா? நெய் பிஸ்கட் மாவை ஒரு மணி நேரம் குளிரவைக்காமல் சுடவே கூடாது.

ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது உடைகிறது

முதலில் பொறுமை. சுட்டவுடன் பிஸ்கட் குழந்தைமாதிரி, எலும்பு கெட்டிப்பட்டிருக்காது. தட்டிலேயே மூன்று நிமிடம் விடுங்கள். அதற்கும் மேல் பதினைந்து நிமிடம் மறந்துவிட்டால் சர்க்கரை இறுகி ஒட்டிக்கொள்ளும், அப்போது தட்டை ஒரு நிமிடம் அடுப்பில் காட்டினால் விட்டுக்கொடுக்கும்.

பிறகு காகிதம். மளிகைக் கடையில் 'பட்டர் பேப்பர்' என்று கேட்டால் கொடுப்பது பல நேரம் பலகாரம் சுற்றுகிற வழவழப்புத் தாள். அது மாவோடு ஒட்டிக்கொண்டு, பிஸ்கட்டின் அடியில் தோலாகி, பிய்த்துப் பிய்த்து எடுக்கவைக்கும். மெழுகு தடவிய தாள் என்றால் புகையும். சிலிக்கான் பூசிய பேக்கிங் காகிதம் வேறு, சுருளாக வரும், உறையில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் இல்லாத தாளை நான் வாங்குவதில்லை. உள்ளே போட்ட தாளின் ஓரம் தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு கம்பியைத் தொடக்கூடாது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எங்கள் வீட்டில் ஒருமுறை தீப்பிடித்தது.

நான்-ஸ்டிக் தட்டில் ஒட்டுகிறதென்றால் பூச்சு போய்விட்டது. நார் போட்டுத் தேய்த்திருப்பீர்கள், அல்லது பர்பி போடுகிற மாதிரி தட்டிலேயே கத்தியால் வில்லை கீறியிருப்பீர்கள். அதைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதைந்து புகையும். வெறும் தட்டை உள்ளே வைத்து முழுச்சூட்டில் காய விடாதீர்கள். கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

சூட்டில் 'டொம்' என்ற சத்தம், தட்டு முறுக்கிக்கொள்கிறது

பிஸ்கட் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். தகடு மெல்லிசு, வேறொன்றுமில்லை. சூடானால் உலோகம் விரியும். கம்பிக்கு மேலே உள்ள பகுதி முதலில் விரிந்து, விரியாத பகுதியைத் தள்ளும், கனமில்லாத தகடு தாங்காமல் எகிறும். சுடச்சுட எடுத்த தட்டைக் குழாயடியில் காட்டினாலும் அதேதான். இன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது, தட்டு முழுக்க மாவைச் சமமாகப் பரப்பி வைப்பதைத் தவிர.

வாங்கும்போது கனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நம் ஊர்ப் பாத்திரக் கடைகள் கைகொடுக்கின்றன. பல இடங்களில் பெட்டியில் அடைத்த தட்டை அட்டைப்படம் பார்த்து வாங்கவேண்டும். இங்கே இன்னமும் அலுமினியத்தை எடைபோட்டு விற்கிறார்கள், மேசைமேல் தராசு இருக்கும். அந்தத் தராசே உங்கள் அளவுகோல்.

தட்டின் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். விளிம்பு எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறதோ அதையும் பெருக்கும் முன்பே இருபக்கமும் சேர்க்கவேண்டும். வந்த எண்ணை 0.27-ஆல் பெருக்கினால், 1 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தட்டு எத்தனை கிராம் இருக்கவேண்டும் என்று கிடைத்துவிடும். என் தட்டு 30-க்கு 25, விளிம்பு ஒன்றரை. விரித்தால் 33-க்கு 28. பெருக்கினால் 924. அதை 0.27-ஆல் பெருக்கினால் சுமார் 250 கிராம். இந்த அளவில் ஒரு தட்டு தராசில் 170 கிராம் காட்டினால் அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை, 'டொம்' நிச்சயம். 300 கிராம் காட்டினால் 1.2 மில்லிமீட்டர், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடைக்காரர் ஒருவர் நான் கைபேசியில் கணக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு, "தட்டு வாங்க வந்தீங்களா, தணிக்கைக்கு வந்தீங்களாம்மா?" என்றார். இப்போது அவரே கூட்டிச் சொல்கிறார்.

ஒரு காந்தமும் எடுத்துப்போங்கள். ஒட்டினால் அது அலுமினியம் இல்லை, வெள்ளைப் பூச்சுப் பூசிய இரும்பாக இருக்கலாம். இரும்புக்கு 0.27 செல்லாது, 0.785 போடவேண்டும், இல்லையென்றால் மெல்லிய இரும்பைக் கனமான அலுமினியம் என்று ஏமாந்துவிடுவோம்.

கேஜ் கணக்கில் கேட்டால் ஒரு குழப்பம் உண்டு. எண் ஏற ஏறத் தகடு மெல்லிசாகும். 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. "22 கேஜ், நல்ல கனம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

தட்டு உள்ளே நுழைகிறது, ஆனால் எதுவும் ஒழுங்காக வேகவில்லை

நுழைவது வேறு, பொருந்துவது வேறு. தட்டு உள்ளே சுவரோடு சுவராக அடைத்துக்கொண்டால் கீழ்ச்சூடு மேலே ஏறவே வழியில்லை, கீழே ஒரு அடுப்பு மேலே ஒரு அடுப்பு என்று இரண்டாகிவிடும். ஓடிஜியோடு கொடுக்கும் தட்டுகள் பல இப்படித்தான் முழு அகலத்துக்கு இருக்கின்றன. அதைக் கீழ்ப்படியில் வைத்து எண்ணெய் வடிய, தூள் சிந்தப் பயன்படுத்துங்கள், பிஸ்கட் சுட வேண்டாம். நான்கு பக்கமும் குறைந்தது ஒரு அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் வெளி வேண்டும். உள்ளளவு 35-க்கு 30 என்றால் தட்டு 30-க்கு 25.

வெளிநாட்டுக் குறிப்புகளில் 'ஹாஃப் ஷீட்' என்று வருவது 18-க்கு 13 அங்குலம், 46-க்கு 33 சென்டிமீட்டர். நம் வீட்டு ஓடிஜிக்குள் அது தலையைக்கூட நீட்டாது. அதில் பாதியான 'குவார்ட்டர் ஷீட்' 33-க்கு 24, பெரிய ஓடிஜி என்றால் பொருந்தலாம். துபாயிலிருந்து வரும் சின்ன மாமாவிடம் சொல்லும்போது சென்டிமீட்டரில் சொல்லுங்கள், படம் அனுப்பி ஏமாறாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படி வந்த ஒரு தட்டில் இப்போது வடகம் காய்கிறது.

அளவு கிடைக்கவில்லையா, பட்டறையில் சொல்லிச் செய்துவிடுங்கள். நான் அப்படித்தான் என் இரண்டாவது தட்டைச் செய்துகொண்டேன். 18 கேஜ் அலுமினியம், மூன்று பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் மடிப்பு, மடிப்புக்குள் கம்பி விட்டுச் சுருட்டியது, நாலாவது பக்கம் திறப்பு. திறந்த பக்கமாகக் காகிதத்தைப் பிடித்து இழுத்தால் பிஸ்கட் மொத்தமும் ஒரே இழுப்பில் வலைக்கு வந்துவிடும். அந்தப் பக்கத்து முனையை மட்டும் அரம் போட்டு வழவழப்பாக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கை போகும். பட்டறைக்காரர் "ஜி.ஐ. தகடு இருக்கும்மா, சல்லிசா முடியும்" என்று காட்டினால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அது துத்தநாகம் பூசிய தகடு, தண்ணீர்த் தொட்டி மூடிக்கு ஆகும், தின்பண்டத்துக்கு ஆகாது.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: உலோகத் தட்டு கன்வெக்ஷன் முறையில் மட்டும், அதுவும் சுழல்தட்டு சுற்றும்போது சுவரில் இடிக்காத வட்டத் தட்டு.

ஓடிஜி இல்லை, சட்டியில் மணல் போட்டுச் சுடுகிறேன், அடி கரியாகிறது

கருகத்தான் செய்யும், சூடு முழுக்கக் கீழிருந்து மட்டுமே வருகிறது. கொள்ளிடத்து மணல் அரைச்சட்டி போட்டு, நடுவில் முக்காலி வைத்து, அதன்மேல் ஒரு தட்டு வைத்து, அந்தத் தட்டின்மேல் பிஸ்கட் தட்டு. இரண்டு தட்டு கட்டாயம். தட்டைச் சுற்றி விரல் நுழைகிற அளவு வெளி, மேலே கனமான மூடி. இதற்கு அலுமினியப் பிரஷர் குக்கரைப் பலிகொடுக்காதீர்கள், வெறும் சூட்டில் அடி கோணிவிடும். பழைய இரும்புச் சட்டியே மேல். பிஸ்கட்டின் தலை சிவக்காது, அதைக் கோளாறென்று நினைக்கவேண்டாம்.

துரு, கறை, கையில் ஒட்டும் கறுப்பு

நாகப்பட்டினத்தில் இருக்கும் என் நாத்தனாருக்கு இரும்புத் தட்டு ஒன்று கொடுத்தேன். ஐப்பசி முடிவதற்குள் "அண்ணி, தட்டுல மஞ்சள் பூசினமாதிரி இருக்கு" என்று படம் வந்தது. உப்புக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் இரும்பு ஒரு வாரம் தாங்காது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இரும்புத் தட்டு வேண்டவே வேண்டாம் என்பது என் எண்ணம். வைத்தே தீருவேன் என்றால், கழுவியதும் அடுப்பில் காட்டி ஈரம் போகவிட்டு, துணியில் தொட்டு மெலிதாக எண்ணெய் பூசி, தாளில் சுற்றி வையுங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் கறுக்கும். காரணம் பெரும்பாலும் துலக்குவதில் இருக்கிறது. சலவைச் சோடா, சாம்பல் போன்ற காரப் பொருள்கள் அலுமினியத்தை அரித்து மங்கவைக்கும். பித்தளையைப் பளபளக்க வைத்த புளி இதையும் வெளுக்கவைக்கும், கூடவே கொஞ்சம் உலோகத்தையும் கரைத்துக்கொண்டு போகும். தினமும் வேண்டாம். சாதாரணப் பாத்திர சோப்பு, மெத்தென்ற பஞ்சு, அவ்வளவு போதும். புதுத் தட்டைத் தடவினால் விரலில் ஒட்டும் சாம்பல் நிறம் இரண்டு மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினால் குறையும், அதுவரை காகிதம் விரிக்காமல் சுடாதீர்கள். மேல்பக்கம் லேசாக மங்கியிருப்பதால் பிஸ்கட்டுக்கு ஒன்றும் ஆகாது. அடிப்பக்கத்து எண்ணெய்ப் பிசினை மட்டும் சேரவிடாதீர்கள். வெந்நீரில் ஊறவைத்து அன்றன்றைக்கே தேய்த்துவிட்டால் போய்விடும். மூன்று தீபாவளி தாண்டியது போகாது.

எல்லாம் சரியாக வந்தது, மறுநாள் நமுத்துப்போய்விட்டது

ஆறுவதற்கென்று தட்டிலேயே விட்டுவிட்டீர்கள். அடியில் கிளம்பும் ஆவி தட்டில் பட்டு நீராகி பிஸ்கட்டுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. மூன்று நிமிடம் தட்டில், அப்புறம் கம்பி வலையில். வலை இல்லையென்றால் இடியாப்பத் தட்டின் முதுகு, மூங்கில் முறம் எதுவானாலும் அடியில் காற்றுப் போகவேண்டும். கைக்குச் சூடே தெரியாமல் ஆறிய பிறகு இறுக்கமான மூடியுள்ள டப்பாவில். அடைமழை நாளில் வலையில் ஒரு மணி நேரத்துக்குமேல் விட்டால் வெளி ஈரத்தையும் குடித்துவிடும், அதனால் ஆறியதும் உடனே மூடுங்கள். ஏற்கெனவே நமுத்ததை 120 டிகிரியில் எட்டு நிமிடம் திரும்பச் சுட்டு ஆறவைத்தால் மொறுமொறுப்பு வந்துவிடும். அதற்கு எந்தத் தட்டானாலும் சரி, சீர்வரிசைத் தாம்பாளம்கூட.